கயிற்று முடிச்சும் கடல் வரைபடமும்

வசிஷ்ட நதி முதல் வங்கக் கடல் வரை – பகுதி 14

வாழப்பாடியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கடலைத் தொடும். வசிஷ்ட நதியின் போக்கும் ஏறத்தாழ அந்தக் கோட்டை ஒட்டியதுதான். அருநூற்றுமலையில் இறங்கி, புழுதிக்குட்டை ஆனைமடுவு அணையில் தேங்கி, பேளூர், ஆத்தூர், தலைவாசல், ஆறகளூர் என்று கிழக்கே போய், சுவேத நதியோடு கலந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. அந்தப் போக்கைச் சென்ற பகுதியில் பார்த்தோம். இந்த வாரம் அதே ஆற்றை வைத்துப் பழைய கடல் வரைபடங்களைச் சோதித்துப் பார்ப்போம்.

சோதனைக்கு இந்த ஆறு பொருத்தமானது என்பதற்குக் காரணம் உண்டு. வாழப்பாடியின் அட்சரேகை சுமார் 11° 39′. பரங்கிப்பேட்டையின் அட்சரேகை 11° 30′. வடக்கு–தெற்காக இரண்டுக்கும் இடையே 17 கிலோமீட்டர்தான். கிழக்கு–மேற்காகவோ கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். அதாவது இவ்விரு ஊர்களையும் பிரிப்பது முழுக்க முழுக்கத் தீர்க்கரேகைதான். பழைய வரைபடக்காரர்கள் எதில் கெட்டிக்காரர்கள், எதில் தடுமாறினார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பழைய வரைபடங்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவை எல்லாம் கற்பனைக் கிறுக்கல்கள். கடல் பூதமும் திமிங்கிலமும் வரைந்து இடத்தை நிரப்பியவை. இன்னொரு கட்சிக்கு அவை மறைந்துபோன பேரறிவின் எச்சங்கள். இன்றைய செயற்கைக்கோளுக்கே தெரியாததெல்லாம் அவற்றில் இருக்கிறது. இரு கட்சிகளும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோட்டை வரைந்தவர் எதை அளந்தார், எதைக்கொண்டு அளந்தார்?

தாலமியின் தட்டையான இந்தியா

கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, நம் கடற்கரையின் துறைமுகங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். குமரி முனை, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம், பொதுகே எல்லாம் அதில் உண்டு. பொதுகே என்பது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உள்நாட்டில் சேரர் தலைநகராக அவர் சொல்லும் கரூரா, சேலம்–நாமக்கல் சமவெளிக்குத் தெற்கே இன்றும் நிற்கும் கரூர் என்பதே தமிழ்நாட்டு அறிஞர்கள் பலரின் முடிவு. ஊர்ப் பெயர்களைப் பொறுத்தவரை தாலமியின் காது கூர்மையானது.

படமாக வரைந்து பார்த்தால்தான் அதிர்ச்சி. தெற்கு நோக்கிக் கூம்பி இறங்கும் முக்கோணமே அங்கு இல்லை. மேற்குக் கடற்கரை ஏறக்குறைய நேர் கிழக்காக ஓடுகிறது, தீபகற்பமே நசுங்கிப்போய்விட்டது. அதற்குப் பதில் இலங்கை வீங்கிக் கிடக்கிறது. உண்மைப் பரப்பைப் போலச் சுமார் 14 மடங்கு. நிலநடுக்கோடே அதன் ஊடாகச் செல்கிறது. உண்மையில் இலங்கையின் தென்கோடி கிட்டத்தட்ட 6 பாகை வடக்கில் இருக்கிறது.

இதில் விந்தை என்னவென்றால், தாலமிக்குச் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பே, எரித்ரேயக் கடலின் பெரிபுளுஸ் என்ற கிரேக்கக் கையேட்டை எழுதிய பெயர் தெரியாத வணிகருக்கு உண்மை தெரிந்திருந்தது. பரூச் துறைமுகத்தைத் தாண்டியதும் கரை தெற்கே திரும்புகிறது என்று அவர் எழுதிவைத்தார். கடலில் போய்வந்தவரின் குறிப்பு சரியாக இருக்க, நூலகத்தில் உட்கார்ந்து வரைந்தவரின் படம் தவறிப்போயிற்று. காலத்தால் பிந்தியது அறிவால் முந்தியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தாலமி எங்கே சறுக்கினார்? அவரிடம் இருந்தவை பெரும்பாலும் பயண நாள்கள்: இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்கு இத்தனை நாள். காற்று ஒத்துழைத்த நாளும் உண்டு, ஒத்துழைக்காத நாளும் உண்டு. அந்த நாள்களைத் தூரமாக மாற்றி, தூரத்தைப் பாகைகளாக மாற்றினார். பூமியின் சுற்றளவுக்கு எரட்டோஸ்தனீஸ் சொன்ன 2,52,000 ஸ்டேடியத்தை விட்டுவிட்டு 1,80,000ஐ எடுத்துக்கொண்டார். பூமி சுருங்கியது, அதன் மேல் வைத்த நாடுகள் பக்கவாட்டில் நீண்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் தாலமியின் வரைபடம் என்று உலவுபவை எவையும் அவர் கைப்பட வரைந்தவை அல்ல. அவருடைய நூலின் எண்களைக்கொண்டு பிற்காலத்தில் வரைந்தவை. இன்று கிடைக்கும் மிகப் பழைய படங்கள் 1300ஐ ஒட்டி பைசாந்தியத்தில் எழுதப்பட்ட சுவடிகளில் உள்ளவை. நடுவே 1,100 ஆண்டுகளுக்கு மேல் படி எடுத்தவர்களின் கைகள் எண்களில் பட்டிருக்கின்றன.

கயிற்றில் இருந்த கடற்கரை

சோழமண்டலக் கடற்கரையில் ஒரு வசதி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை கரை வடக்கு–தெற்காக 255 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த நீளத்தில் அது கிழக்கே விலகுவது 50 கிலோமீட்டருக்கும் குறைவு. கிட்டத்தட்ட நேர்கோடு. அப்படிப்பட்ட கரைக்கு வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்குத் தீர்க்கரேகை தேவையே இல்லை. தான் போக வேண்டிய துறை எவ்வளவு வடக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓட்டினால் கரை தானாக எதிரே வரும்.

அட்சரேகையைப் பிடிப்பதற்குத் துருவ நட்சத்திரம் இருந்தது. வடக்கே போகப் போக அது ஏறும். தெற்கே வர வர இறங்கும். அதை அளக்க நம் மாலுமிகள் வைத்திருந்த கருவி உள்ளங்கையளவு மரப் பலகை, நடுவே ஒரு கயிறு. தமிழில் இது ராப்பலகை. அரபு மாலுமிகளிடம் கமால். பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் நிறுத்தி, மேல் விளிம்பில் நட்சத்திரம் உட்காரும்படி பிடிக்க வேண்டும். கண்ணிலிருந்து பலகை எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைக் கயிற்றின் முடிச்சு சொல்லும். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். நட்சத்திரம் பலகைக்கு மேலே நின்றால் துறைக்கு வடக்கே வந்துவிட்டோம். பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே இருக்கிறோம்.

1850இல் கேப்டன் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர், சோழமண்டலக் கரை மாலுமிகள் இத்தகைய பலகையைப் பயன்படுத்துவதைச் சென்னையில் வெளியான இதழ் ஒன்றில் விவரித்தார். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட காலத்திலும் தோணிக்காரர்களின் கையில் அது இருந்திருக்கிறது.

இதன் துல்லியம் எவ்வளவு? அரபு மாலுமிகளின் அளவு விரல் கணக்கு. ஒரு விரல் என்பது சுமார் 1° 37′, தரையில் 180 கிலோமீட்டர். விரலை எட்டாகப் பகுத்தார்கள். அந்தப் பங்கு 22 கிலோமீட்டர் வரும். ஆடும் தோணியில் நின்றபடி மரப் பலகையைக்கொண்டு இந்த அளவை எட்டினால் போதும். மீதி வேலையைக் கரையடையாளங்கள் பார்த்துக்கொள்ளும். அன்று துருவ நட்சத்திரம் வானத்தின் உண்மையான வடதுருவத்திலிருந்து விலகியே சுற்றிக்கொண்டிருந்தது. 1500ஐ ஒட்டி அந்த விலகல் 3½ பாகை. அதனால் அது சுற்றின் அடிப்புள்ளிக்கு வரும் நேரம் பார்த்து அளக்க வேண்டும் என்ற விதியையும் மாலுமிகள் வைத்திருந்தார்கள்.

கரை நெருங்கிய பின் கோபுரங்கள் வழிகாட்டின. பரங்கிப்பேட்டையைத் தேடிய கப்பல்களுக்குச் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள் அடையாளம். நாகப்பட்டினத்துக்கு, ஐரோப்பியர் சீன பகோடா என்று அழைத்த பழைய பௌத்தக் கோபுரம். 1867இல் அது இடிக்கப்படும்வரை மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் திசை வைத்தார்கள். கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்படுத்தித் தம் இடத்தைக் குறிப்பதைக் கணியம் என்பார்கள். அளவை அதிகாரிகள் பிற்காலத்தில் கருவி வைத்துச் செய்த வேலையின் வேர் இதிலும் இருக்கிறது.

ஆகவே பரங்கிப்பேட்டை மாலுமிகளுக்குத் துல்லியமாகத் தெரிந்த ஊர். அந்தத் துல்லியம் தோலிலும் காகிதத்திலும் ஏறாமல் கயிற்றிலும் நினைவிலும் இருந்தது.

நான்கே ஆண்டில் முளைத்த முக்கோணம்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். 1502இல் இத்தாலியின் பெராரா பிரபுவுடைய முகவர் ஆல்பெர்தோ காந்தினோ, லிஸ்பனிலிருந்து ஒரு வரைபடத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுபோனார். காந்தினோ வரைபடம் என்று இன்று பெயர் பெற்ற அதில், தாலமியின் நசுங்கிய இந்தியா காணாமல் போய்க் கூரிய முக்கோணம் முளைத்திருக்கிறது. கிழக்குக் கரையும் வரையப்பட்டிருக்கிறது.

ஆனால் 1502 வரை போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்றுகூடச் சோழமண்டலக் கரைக்கு வரவில்லை. பார்க்காத கரையை எப்படி வரைந்தார்கள்? கேட்டு வரைந்தார்கள். மலபாரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சந்தித்த மாலுமிகள் சொன்ன விரல் கணக்குகள் லிஸ்பன் போய்ப் பாகைகளாயின. வடக்கு–தெற்கு வரிசை ஓரளவு சரியாக அமைந்ததற்கும், கரையின் வளைவுகள் கற்பனையாக இருப்பதற்கும் இதுவே விளக்கம்.

இதே கதை 1511இலும் நடந்தது. மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க், ஜாவா மாலுமி ஒருவரின் பெரிய வரைபடத்தைக் கைப்பற்றினார். அதன் எழுத்துகள் ஜாவா எழுத்துகள். அது சுமத்ரா கரையில் புளோர் ட லா மார் கப்பலோடு மூழ்கியது. பிரான்சிஸ்கோ ரொட்ரிகஸ் முன்பே படி எடுத்து வைத்திருந்த ஒரு பகுதியைத்தான் 1512இல் மன்னருக்கு அனுப்ப முடிந்தது. ஆசிய மாலுமிகளிடம் வரைபடமே இல்லை என்பதும் ஐரோப்பியர் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்தார்கள் என்பதும் இந்த ஒரு நிகழ்ச்சியின் முன் நிற்காது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். மாலிந்தியிலிருந்து காமாவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்று பாடநூல்கள்கூட எழுதின. போர்ச்சுக்கீசிய ஆவணங்கள் அந்த வழிகாட்டியைக் குஜராத்திக்காரர் என்கின்றன. இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. கடலோடும் கூட்டத்தின் பொது அறிவை ஒரே ஒரு மேதையின் தலையில் ஏற்றிவைப்பது வரலாற்றில் அடிக்கடி நடப்பதுதான்.

துருக்கி மாலுமி பீரி ரெய்ஸ் 1513இல் வரைந்த படத்தைச் சுற்றியும் பெரிய புனைவு உண்டு. 1929இல் இஸ்தான்புல் அரண்மனையில் கிடைத்த அது, பனி மூடாத அண்டார்டிகாவைக் காட்டுகிறது என்று 1966இல் அமெரிக்கரான சார்லஸ் ஹாப்குட் எழுதினார். தமிழிலும் அந்தக் கதை பல வார இதழ்களில் வந்தது. படத்தின் தென்பகுதிக் கரை கிழக்கே திரும்புகிறது. அது தென்னமெரிக்கக் கரையைத் தோலின் ஓரத்தோடு வளைத்து வரைந்தது, அல்லது தெற்கே பெருநிலம் இருக்கிறது என்ற அன்றைய ஊகம். இடையே இருக்க வேண்டிய அகன்ற கடலே படத்தில் இல்லை. அதைவிட முக்கியமாக, தான் எதைப் பார்த்து வரைந்தேன் என்று பீரி ரெய்ஸே படத்தில் எழுதியிருக்கிறார்: கொலம்பஸின் படம், சிந்து, இந்தியா, சீனம் ஆகியவற்றைக் காட்டும் போர்ச்சுக்கீசியப் படங்கள் நான்கு, இன்னும் சில பழைய படங்கள். இந்தியப் பகுதி இருந்த துண்டு கிடைக்கவில்லை. அட்லாண்டிக் பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. நமக்கு இழப்பு அந்தத் துண்டுதான்.

கடிகாரம் இல்லாத கடல்

வடக்கு–தெற்கை நட்சத்திரம் சொல்லிவிடும். கிழக்கு–மேற்கைச் சொல்ல வானத்தில் அப்படி அசையாத புள்ளி எதுவும் இல்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஓர் இடத்தின் தீர்க்கரேகையை அறிய, அங்குள்ள நேரமும் அதே நொடியில் இன்னொரு குறிப்பிட்ட இடத்தின் நேரமும் தெரிய வேண்டும். நான்கு நிமிடம் தவறினால் ஒரு பாகை தவறும். நம் அட்சரேகையில் அது 109 கிலோமீட்டர். வாழப்பாடிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் உள்ள நேர வேறுபாடு ஐந்தரை நிமிடம்தான். நான்கு நிமிடம் பிசகும் கடிகாரத்தை நம்பி வரைந்தால், பரங்கிப்பேட்டையை ஆத்தூர்ப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிடலாம்.

நிலத்தில் வேறு வழி இருந்தது. வியாழனின் நிலாக்கள் மறைந்து வெளிப்படும் நேரங்களை காசினி 1668இல் அட்டவணையாக்கினார். வானமே ஒரு கடிகாரமாயிற்று. பிரெஞ்சு ஏசு சபையினர் தொலைநோக்கியோடு இந்தியா வந்தார்கள். புதுச்சேரியிலிருந்த ரிஷோ பாதிரியார் 1689இல் ஆல்பா செண்டாரி இரட்டை நட்சத்திரம் என்று கண்டது அந்தக் காலத்தில்தான். பூஷே பாதிரியார் தென்னிந்திய உள்நாட்டின் படம் ஒன்றை அனுப்பினார். பாரிசில் இருந்த தான்வீல் இத்தகைய செய்திகளை எல்லாம் சலித்து 1752இல் இந்தியாவின் பெரும்படத்தை வெளியிட்டார். தெரியாத இடத்தைத் தான்வீல் வெறுமையாக விட்டார். யானையும் பூதமும் வரைந்து ஒப்பேற்றாத அந்த வெற்றிடமே வரைபடக் கலையின் பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஆடும் கப்பலில் தொலைநோக்கியை வியாழன் மேல் நிறுத்த முடியாது. ஹாரிசனின் கடல் கடிகாரம் 1761இல் தேர்வுப் பயணம் போன பிறகும், பல பத்தாண்டுகள் அது சாதாரண வணிகக் கப்பலுக்கு எட்டாத விலையில் இருந்தது. விளைவு என்னவென்பதற்கு ஜேம்ஸ் ஹார்ஸ்பரோவின் கதை போதும். 1786இல் அட்லஸ் என்ற கப்பலில் அவர் துணை அதிகாரி. கையிலிருந்த தவறான வரைபடத்தை நம்பிப் போன கப்பல் டியாகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. அன்றிலிருந்து கடல் குறிப்புகளைச் சேகரிப்பதே அவர் வேலையாயிற்று. இந்தியக் கடல்களுக்கு அவர் எழுதிய வழிகாட்டி நூல் ஒரு தலைமுறைக் கப்பல்களின் கையில் இருந்தது. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீர்ப்பரப்பியலாளராகவும் ஆனார்.

நாற்பது மைல் சுருங்கிய தமிழகம்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனிக்கு வந்தன. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்ரோவும் வயல் வயலாக அளந்தார்கள். வாழப்பாடி வட்டாரத்தில் ஒரு குடியானவரின் நிலம் எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் ஏறியது. ஆனால் அந்த வயல் உலக உருண்டையில் எங்கே இருக்கிறது என்பதில் பல கிலோமீட்டர் குழப்பம்.

அதே 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வுக் கூடம் எழுந்தது. மைக்கேல் டாப்பிங் அதற்கு முன்னின்றார். அவர் வானியலாளர் மட்டுமல்லர்; சோழமண்டலக் கரையைத் தெற்கே பாக் நீரிணை வரை முக்கோணங்களால் அளந்தவர். கப்பல்களுக்கு ஒரு நம்பகமான தீர்க்கரேகை வேண்டும் என்பதும் அந்தக் கூடத்தின் நோக்கங்களில் ஒன்று. அளவைக்காரர்களைப் பயிற்றுவிக்க அவர் 1794இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

டாப்பிங்கின் அளவை கரையோடு நின்றது. தீபகற்பத்தின் குறுக்கே போனவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். கையிலிருந்த நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய் வேண்டாம் என்று திரும்பியது. அரை டன் எடையுள்ள தியோடலைட் லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசுக்குப் போயிற்று; அது என்ன கருவி என்று தெரிந்ததும் மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார்.

சென்னையிலிருந்து மங்களூர் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தபோது வந்த விடை அதிகாரிகளைத் திகைக்க வைத்தது. அதுவரை மதிப்புப் பெற்றிருந்த ரென்னலின் படங்களில் தீபகற்பத்தின் அகலம் இந்தக் குறுக்கில் 400 மைல். லாம்டன் கண்டது 360. நாற்பது மைல், அதாவது 64 கிலோமீட்டர் நிலம் ஒரே கணக்கில் காணாமல் போயிற்று. எல்லா இடத்திலும் பிழை ஒரே விகிதத்தில் பரவியிருந்ததாக வைத்துக்கொண்டால், வாழப்பாடிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடைப்பட்ட 150 கிலோமீட்டர் பழைய படத்தில் 165ஐத் தாண்டியிருக்கும்.

பிழையின் இயல்பைக் கவனியுங்கள். அகலம் மட்டும்தான் இந்த அளவுக்கு வீங்கியது; நீளத்தில் இப்படி ஒரு குளறுபடி இல்லை. இரண்டு கடற்கரைகளையும் மாலுமிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது மட்டும் கடல்வழிக் கணக்கிலிருந்து வந்த ஊகம். பிழை முழுவதும் உள்நாட்டின் தலையில், அதாவது நம் கொங்குச் சமவெளியின் தலையில் விழுந்தது. 1806இல் கோயம்புத்தூர் அருகே லாம்டன் இன்னோர் அடிக்கோட்டை அளந்த பிறகே, முக்கோண வலை இந்தப் பக்கத்துக் குன்றுகளில் படர்ந்து ஊர்களைத் தத்தம் இடத்தில் உட்கார வைத்தது.

மிச்சமிருந்த பத்து விநாடி

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. முக்கோணங்கள் ஊர்களுக்கிடையிலான உறவைத்தான் சொல்லும். முழு வலையும் எங்கே தொங்குகிறது என்பதைச் சென்னை வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகை சொல்ல வேண்டும். அதற்கு அளவைத் துறை எடுத்துக்கொண்ட மதிப்பு 80° 17′ 21″. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தந்தி வழியாக நேரக் குறிகளை அனுப்பிச் சரிபார்த்தபோது, அது அதிகம் என்று தெரிந்தது. பழைய சர்வே தாள்களின் தீர்க்கரேகையிலிருந்து 2′ 27″ கழித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பு பிறகு வந்தது.

இந்த 2′ 27″ என்பது கடிகாரத்தில் பத்து விநாடி. தரையில் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். பழைய அங்குலத் தாள் ஒன்றை இன்றைய செல்போன் எண்களோடு ஒப்பிட்டால், வாழப்பாடி உட்பட எல்லா ஊர்களும் கட்டங்களின்படி அவ்வளவு கிழக்கே நிற்கும். ஊருக்கு ஊர் தூரம் சரி, ஆற்றின் வளைவு சரி. மொத்தப் படமும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. கீழே முழு நாடும் துல்லியமாக அளக்கப்பட்டிருக்க, அதைப் பிடித்திருந்த ஆணி பத்து விநாடி தள்ளி அடிக்கப்பட்டிருந்தது. வரைபடம் சரியா தவறா என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அளக்காத இடத்தில் வளரும் கதை

கடைசியாக, தமிழர் எல்லாருக்கும் தெரிந்த வரைபடம் ஒன்று: குமரிக்கண்டம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்த நிலம், நடுவே பஃறுளி ஆறும் குமரி மலையும் குறித்த படம். அதைப் பழங்கால மாலுமிகளின் படம் என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தின் வயதை முதலில் பார்ப்போம். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்தோடு உறவுள்ள விலங்குகள் இருப்பதற்கு விளக்கமாக, கடலில் மூழ்கிய நிலம் ஒன்றை ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். தியசாபிகல் சங்கத்தார் அதில் மாய மனிதர்களைக் குடியேற்றி வரைபடமும் போட்டார்கள். இறையனார் களவியல் உரையும் அடியார்க்குநல்லார் உரையும் சொல்லும் கடல்கோள் செய்திகளோடு தமிழறிஞர்கள் இதை இணைத்தது அதற்குப் பிறகு. படங்கள் 20ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டவை. ஸ்கிளேட்டருக்கு விடை தேவைப்பட்ட கேள்விக்கு, கண்டங்களே நகர்கின்றன என்ற விளக்கம் 1960களில் உறுதியாகிவிட்டது. மூழ்கிய கண்டம் இப்போது தேவையில்லை.

கடலடியும் அளக்கப்பட்டுவிட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர்கள் அறிந்த வெட்ஜ் திட்டு வரை கடல் ஆழம் குறைவு. அதைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான மீட்டர் பள்ளம். கண்டம் மூழ்கிய அடையாளம் எதுவும் இல்லை.

உரைகளின் செய்தியில் உண்மையே இல்லையா? அப்படியும் தள்ள வேண்டாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை தரையாக இருந்தது. இலங்கைக்கு நடந்து போகலாம். குமரிக்குத் தெற்கேயும் சில பத்துக் கிலோமீட்டர் நிலம் வெளியே தெரிந்தது. கடல் ஏறி நிலத்தை விழுங்கியது உலகெங்கும் நடந்த நிகழ்வு. நாம் காப்பாற்ற வேண்டியது அந்த உண்மையை. ஆறும் மலையும் நாடு நாடாகப் பிரித்துப் போட்ட படத்தை அதன் மேல் ஒட்டினால், படம் பொய்யாகும்போது நினைவும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

மாமல்லபுரமும் இப்படித்தான். ஐரோப்பியக் கடல் படங்களில் அதன் பெயர் ஏழு பகோடா. அதிலிருந்து, ஆறு கோவில்கள் கடலுக்குள் இருக்கின்றன என்ற கதை கிளைத்தது. 2002இல் கரைக்கு அப்பால் மூழ்கிப் பார்த்த ஆய்வாளர்கள் சிதறிய கட்டுமானக் கற்களைக் கண்டார்கள். 2004 ஆழிப்பேரலை கரையோரம் சில எச்சங்களை வெளிப்படுத்தியது. கடலரிப்பு உண்மை; எண்ணி ஏழு என்பது மாலுமிகள் கரையடையாளத்துக்கு வைத்த பெயர்.

தாலமியின் இலங்கை, காந்தினோவின் முக்கோணம், ரென்னலின் அகலம், குமரிக்கண்டம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் ஒன்று தெளிவாகும். அளவு இருந்த இடத்தில் மரப் பலகையும் கயிறும்கூட நம்பத்தக்க கரையைத் தந்தன. அளவு இல்லாத இடத்தில் பேரறிஞரின் நூலும் பேரரசின் படமும் தவறின. கட்டுக்கதைகள் குடியேறியதும் அந்த இடங்களில்தான். பழைய படம் ஒன்றைக் காட்டி யாராவது வியந்தால், இது எந்த ஆண்டுப் பிரதி, வடக்கு–தெற்கை எதைவைத்து அளந்தார்கள், கிழக்கு–மேற்கை எதைவைத்து என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான புனைவுகள் மூன்றாவது கேள்வியைத் தாண்டுவதில்லை.

லாம்டனின் அளவைக்குப் பிறகு வசிஷ்ட நதியின் இரு முனைகளும் ஒரே தாளில் சரியாகப் பொருந்தின. மலைப்பக்கம் இரும்புக்கல், கழிமுகத்தில் துறைமுகம், நடுவே இத்தனை மைல் என்று ஒரு வணிகர் கணக்குப் போட முடிந்தது. அப்படிக் கணக்குப் போட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத். 1830இல் அவர் பரங்கிப்பேட்டையில் உலை மூட்டினார். படத்தில் தூரம் சரியாக இருந்தும் அந்த ஆலை ஏன் நட்டத்தில் முடிந்தது? அது அடுத்த பகுதியில்.

(தொடரும்)